ரங்கூனும் சிங்கப்பூரும்

ரங்கூன் ஏன் சிங்கப்பூரைவிடப் பின்தங்கியது? சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இருந்த கிட்டங்கிகள் எனும் கடைக்கட்டடங்களில் செட்டியார்கள் பெட்டியடி (கணக்குப் பெட்டி) வைத்துக் கடன் கொடுத்த காலத்திலும், பெரிய பணம் புரண்டது ரங்கூனைத் தலைநகராகக் கொண்ட பர்மாவில்தான் (இன்றைய மியன்மார்). இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது. சிங்கப்பூரிடம் இருந்தது துறைமுகம்.

இரண்டையும் ஆண்டது பிரிட்டன், இரண்டையும் 1942இல் பிடித்தது ஜப்பான். ஆனால் பர்மாவின் காயம் ஆழம். 1930களில் நெல் விலை சரிய, கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது. நம்மவர் கதைதான், மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தக் கசப்போடு, விடுதலைக்குப் பின் உள்நாட்டுப் போரும் சேர்ந்துகொண்டது. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். வங்கி, ஆலை, கடை எல்லாம் அரசுடைமை. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகள் திடீரென்று செல்லாமல் போயின.

சிங்கப்பூர் 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகத்தை அமைத்து, வெளிநாட்டு முதலீட்டை ஜூரோங் தொழிற்பேட்டைக்கு அழைத்தது. சின்னத் தீவு, அதனால் சுலபம் என்பார்கள். சரி, பாதி உண்மை. ஆனால் ரங்கூன் பின்தங்கியதற்கு, 1962க்குப் பின் கதவை அடைத்ததைத்தான் நான் முதலில் சொல்வேன். அடைக்கக் காரணம் தந்தது அந்த நிலக்கடன்.