காது இரைச்சலுக்கு ஜின்க்கோவா, ஜிங்க்கா, பி12-ஆ? மூணுக்கும் காசு குடுத்துப் பாத்தவன் சொல்றேன்

ராத்திரி கரண்ட் போயி ஃபேன் நின்னுச்சுன்னா ஊரே அமைதியாயிடும், எனக்கு மட்டும் காதுக்குள்ள சில்வண்டு கத்த ஆரம்பிச்சிடும். ஙொய்ங்னு ஒரே சுருதி, ஏத்தமும் இல்ல எறக்கமும் இல்ல. குமாரபாளையத்துல 22 வருசம் விசைத்தறி பட்டறைக்குள்ள இருந்தவன் நான். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லைன்னு அப்ப ஃபேக்டரி விதி சொல்லுச்சு, நம்ம பட்டறையில எல்லாத் தறியும் ஓடுறப்ப பக்கத்துல நிக்கிறவன் காதுல வாய வெச்சுக் கத்துனாத்தான் கேக்கும், யாரு அளந்தா? தமாசு என்னன்னா தறி ஓட்டுன காலத்துல இந்த சத்தம் எனக்குத் தெரியவே இல்லைங்க. 2019-ல தறிய வித்துட்டு நூல் கடை வெச்சு நிம்மதியா உக்காந்தப்பறம்தான் கேக்கவே ஆரம்பிச்சுது.

ஈஎன்டி டாக்டர்கிட்ட போனேன். அழுக்கு இல்ல, சவ்வு நல்லாருக்குன்னு சொல்லி, கண்ணாடி ரூமுக்குள்ள ஹெட்ஃபோன் மாட்டி டெஸ்ட் எடுத்தாங்க. 4000 ஹெர்ட்ஸ் கிட்ட கோடு குழியில விழுந்த மாதிரி எறங்கிக் கெடந்துச்சு, அது சத்தத்துல வேலை பாத்தவங்களுக்கு வர்ற குழியாம். உள்காதுல இருக்கிற முடி செல் செத்துட்டா திரும்ப மொளைக்காது, அங்கருந்து சேதி வரலைன்னதும் மூளை தானா வால்யூம ஏத்தி வெச்சுக்குது, ஸ்டேஷன் கெடைக்காத ரேடியோவ சத்தமா வெச்சா உஸ்ஸுங்குமே அந்த மாதிரின்னு பொறுமையா சொன்னாரு. நல்ல மனுசன். கடைசில சீட்டுல ஜின்க்கோ மாத்திரை ஒரு மாசத்துக்கு எழுதுனாரு. அங்கதான் என் கதை ஆரம்பம், ஏன்னா அந்த ஒரு மாசத்த அஞ்சு மாசமா இழுத்தது அவரு இல்ல, நான்.

ஜின்க்கோ. சீன நாட்டு மரத்து இலைச் சாறு, ரத்த ஓட்டத்த கூட்டும்னு பேரு. எங்க ஊர் மெடிக்கல்ல பத்து மாத்திரை அட்டை 240 ரூவா, நாளைக்கு ரெண்டுன்னா மாசம் 1,440, அஞ்சு மாசத்துக்கு 7,200 ரூவா. மொத மாசம் கொறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது மாசம் பழையபடி. மூணாவது மாசம் நல்லா தூங்குன அன்னைக்கெல்லாம் மாத்திரை வேலை செய்யுதுன்னு நெனைச்சேன், தூங்காத அன்னைக்கு டோஸ் பத்தலைன்னு நெனைச்சேன், இப்படியே ஓட்டிட்டேன். அப்பறம் காலேஜ் படிக்கிற பொண்ணு தேடிப் படிச்சு சொன்னா. 2001-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஆய்வுல 1,121 பேர்ல பாதிப் பேருக்கு ஜின்க்கோ, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை, யாருக்கு எதுன்னு தெரியாம 12 வாரம் குடுத்துப் பாத்திருக்காங்க, ரெண்டு பக்கமும் வித்தியாசம் இல்ல. காக்ரேன்னு ஒரு அமைப்பு இருக்கு, இந்த மாதிரி ஆய்வெல்லாம் மொத்தமா அலசுறவங்க, அவங்க 2022-ல திரும்ப எடுத்துப் பாத்தப்பவும் பலன் இருக்குன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் கெடைக்கல.

காசு போனது கூட பரவால்லைங்க. எங்க மாமாவுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சு, ரத்தம் ஒறையாம இருக்க குளோபிடோக்ரெல் மாத்திரை ஓடுது, அவருக்கும் காது கத்துதுன்னு சொன்னதும் என் அட்டையிலருந்து பத்து நாளைக்கு எடுத்துக் குடுத்துட்டேன். பல்லு வெளக்குறப்ப ரத்தம் நிக்கலைன்னு அத்தை போன் பண்ணப்பதான் ஒதறல் எடுத்துச்சு. ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை போடுறவங்க, ஆஸ்பிரின், வார்ஃபரின் எதுவா இருந்தாலும், ஜின்க்கோவ தானா தொடக்கூடாதாம். மாமாவுக்கு ஜின்க்கோவாலதான் வந்துச்சான்னு நான் எப்படி சொல்ல முடியும், ஆனா நிறுத்துனதும் நின்னுச்சு. இலை மருந்துதானே, என்ன பண்ணிடப்போவுதுன்னு நெனைச்ச ஆளு நானு.

ஜிங்க். இது பள்ளிபாளையம் மச்சான் ஐடியா. அவன் ஜிம் கோச் சொன்னாராம், காதுக்குள்ள ஜிங்க் நெறைய இருக்கணுமாம். 50 எம்ஜி மாத்திரைய ஆறு வாரம் போட்டேன், வெறும் வயித்துல போட்டா கொமட்டுது, சோத்துக்கு அப்பறம் போட்டா நாக்குல காசு வெச்ச மாதிரி ருசி, காதுல அதே ஙொய்ங். 2016-ல காக்ரேன்காரங்க ஜிங்க்கையும் பாத்திருக்காங்க, கெடைச்சதே மூணு ஆய்வு, 209 பேரு, பலன்னு சொல்ல ஆதாரம் இல்ல. இதுல ஒண்ணு கவனிங்க, பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 40 எம்ஜிக்கு மேல தொடர்ந்து போகக்கூடாதுங்கறாங்க, நான் போட்டது 50. மாசக்கணக்கா போட்டா ஒடம்புல தாமிரச் சத்த அது எறக்கிவிட்டு ரத்தசோகை வரைக்கும் கூட கொண்டு போகலாம். ஜிங்க்க பத்தி இதுக்கு மேல எழுத ஒண்ணுமில்ல.

பி12 வைட்டமின். இது காதுக்காக ஆரம்பிச்சதே இல்லைங்க. எனக்கு ஒம்பது வருசமா சுகர், மெட்ஃபார்மின் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. உள்ளங்கால்ல எறும்பு ஊறுற மாதிரி இருக்குன்னு சுகர் டாக்டர்கிட்ட சொன்னப்ப, மெட்ஃபார்மின் ரொம்ப வருசம் போட்டா பி12 எறங்கும், பாத்துடலாம்னு ரத்தம் எடுக்கச் சொன்னாரு. 142 வந்துச்சு. லேப் சீட்டுல 200-க்கு மேல இருக்கணும்னு போட்டிருந்தான். நாங்க கறி திங்கிற வூடுதான், ஞாயித்துக்கெழம தவறாது, அப்படியிருந்தும் 142. சைவமா சாப்பிடுறவங்களுக்கும், கேஸ் மாத்திரைய வருசக்கணக்கா டீ குடிக்கிற மாதிரி போடுறவங்களுக்கும் இது இன்னும் சுளுவா எறங்குமாம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் 1500 மைக்ரோகிராம் ஊசி பத்து, அப்பறம் அதே அளவு மாத்திரை. மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா 610. கால்ல எறும்பு முக்காவாசி போயிடுச்சு. காது? நான் ஒரு டைரில தெனமும் பத்துக்கு எத்தனைன்னு மார்க் போட்டுட்டு வந்தேன், ஊசிக்கு முன்னாடி ஏழு எட்டுன்னு இருந்தது இப்ப நாலு அஞ்சு. போகல, கொறைஞ்சிருக்கு. ஆனா அதே சமயத்துலதான் ராத்திரி மழைச் சத்தம் போட்டு தூங்கவும் ஆரம்பிச்சேன், அதனால கொறைஞ்சது ஊசியாலயா மழையாலயான்னு பிரிச்சு சொல்ல என்னால முடியாது. நான் பி12 கட்சிதான், அதுக்காக பொய் சொல்லி ஓட்டு கேக்க மாட்டேன்.

ஆய்வு இருக்கான்னா, இருக்கு, சின்னது. 1993-ல இஸ்ரேல் ராணுவத்துல சத்தத்துல வேலை பாத்து காது இரைச்சல் வந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு பி12 கம்மின்னு கண்டுபுடிச்சாங்க. 2016-ல நம்ம இந்தியாவுலயே 40 பேர வெச்சு ஒரு ஆய்வு, அதுல 17 பேருக்கு கம்மி, வாரம் ஒரு ஊசின்னு ஆறு வாரம் போட்டதுல கம்மியா இருந்தவங்களுக்கு மட்டும் இரைச்சல் நல்லாவே கொறைஞ்சிருக்கு. 40 பேருங்கறது எங்க தெருவுல பாதி கூட இல்ல, அத வெச்சு ஊருக்கே சட்டம் போட முடியாது. ஆனா "கம்மியா இருந்தவங்களுக்கு மட்டும்"ங்கறதுதான் எனக்கு முக்கியமா பட்டுச்சு.

ஏன்னா நான் நூல் வியாபாரி. 40-ஆம் நம்பர் நூல்னு ஒருத்தன் கொண்டாந்து எறக்குனா, அவன் மூஞ்சிய பாத்து வாங்க மாட்டோம், இத்தனை மீட்டருக்கு இத்தனை கிராம்னு எடை போட்டுப் பாத்துட்டுத்தான் பணம். மாத்திரை விசயத்துல மட்டும் அந்தப் புத்தி எங்க போச்சுன்னு தெரியல. ஜின்க்கோவ எதுல எடை போடுறது? ஒடம்புல ஜின்க்கோ கம்மின்னு ஒரு டெஸ்ட் உலகத்துலயே கெடையாது. ஆரம்பிக்கறதுக்கு ஒரு நம்பர் இல்ல, அதனால நிறுத்தறதுக்கும் நம்பர் இல்ல. கொறைஞ்சா அது மாத்திரை, கூடுனா டோஸ் பத்தல, மாறலைன்னா இன்னும் மூணு மாசம் பாப்போம், எந்தப் பக்கம் போனாலும் 240 ரூவா அட்டை வாங்கத்தான் வழி. அதுலயும் இந்த இரைச்சல் இருக்கே, தூக்கம், சளி, கடன்காரன் போன் எல்லாத்துக்கும் ஏறி எறங்கும், வருசம் போகப் போக மூளை தானாவே அத கண்டுக்காமயும் விட்டுரும், அந்தப் பேரையும் மாத்திரைதான் தட்டிட்டுப் போகும். பி12-ல அந்த வேலை நடக்காது. 142, ஊசி, 610, முடிஞ்சுது. 610-க்கு அப்பறமும் காது கத்துதுன்னா மிச்சம் பி12 வேலை இல்ல, அதுக்காக இன்னும் ஊசி போட்டு பிரயோசனம் இல்லைன்னு எனக்கே தெரியும். எங்க ஊர் லேப்ல டெஸ்டுக்கு 900 ரூவா, ஒரு மாச ஜின்க்கோ காசு கூட இல்ல. மொதல்லயே 500-னு வந்திருந்தா? இந்தப் பக்கமே வராம வேற வேலைய பாத்திருப்பேன். டெஸ்ட் எடுக்காம சும்மா பி12 மாத்திரை முழுங்கறதும் ஜின்க்கோ கதைதான், அத நான் சிபாரிசு பண்ணல.

53 நாட்டுல 1,788 பேர்கிட்ட கேட்ட ஒரு சர்வே 2016-ல வந்துச்சு. அதுல 413 பேரு இரைச்சலுக்குன்னு சத்து மாத்திரை போட்டவங்க. 70.7 சதவீதம் பேரு ஒண்ணும் மாறலைன்னாங்க, 19 சதவீதம் கொறைஞ்சுதுன்னாங்க, 10.3 சதவீதம் பேரு கூடிப்போச்சுன்னு வேற சொன்னாங்க. அந்த 19-ல என்னோட மொத மாச ஜின்க்கோ மாதிரி எத்தனையோ! அமெரிக்க ஈஎன்டி டாக்டர்கள் சங்கம் 2014-லயே ஜின்க்கோ, மெலடோனின், ஜிங்க் எதையும் இதுக்கு சிபாரிசு பண்ணாதீங்கன்னு எழுதி வெச்சிருக்கு. நம்ம ஊர்ல சப்ளிமென்டா விக்கிற டப்பாவ திருப்பிப் பாருங்க, இது மருந்தா பயன்படுத்த அல்லன்னு இங்கிலீஷ்ல பொடி எழுத்துல இருக்கும், சட்டப்படி போட்டே ஆகணும். முன்னாடி பக்கம் காது படம், பின்னாடி பக்கம் அந்த வரி.

மெலடோனின் நான் போட்டதில்ல. தூக்கம் வராதவங்களுக்கு தூக்கத்துக்கு ஆகலாம், அதுக்கு மேல என் அனுபவத்துல ஒண்ணுமில்ல. பூண்டு தட்டிப்போட்டு காச்சுன எண்ணெய காதுல விடுறது, எங்க ஆத்தா இருந்தா விட்டுருக்கும், சவ்வுல ஓட்டை இருந்தா என்னாகும்னு யோசிச்சுக்கோங்க.

மாத்திரை இல்லாத வழியும் ஒண்ணு ரெண்டு இருக்கு. மழைச் சத்தம் சொன்னேன், காசே இல்ல, போன்ல போட்டு இரைச்சல விட கொஞ்சம் கம்மியா வெச்சுக்கணும், மூட வேண்டியதில்ல, கலந்தா போதும். என் மாமியாருக்கு காது மந்தம் கூட இரைச்சல், மெஷின் மாட்டுனா வெளிச்சத்தம் உள்ள வந்து இரைச்சல் அமுங்கிடுதாம், கழட்டுனா திரும்ப வருதாம். எனக்கு இன்னும் மெஷின் வேணுங்கற அளவுக்கு எறங்கல, அதனால அவங்க சொல்றதத்தான் சொல்றேன். சிபிடின்னு ஒரு கவுன்சிலிங் முறைக்குத்தான் ஆதாரம் ஜாஸ்தி, 2020 காக்ரேன்ல 28 ஆய்வு, 2,733 பேரு. சத்தத்த கொறைக்காது, அதனால வர்ற எரிச்சல கொறைக்கும். நான் போகல. சத்தம் இருக்கட்டும் எரிச்சல் மட்டும் போகட்டும்னு நெனைக்கிற பக்குவம் எனக்கு இன்னும் வரலன்னு வெச்சுக்கோங்களேன்.

இந்த அலசல் எல்லாம் ரெண்டு காதுலயும் நாள்பட்டு ஙொய்ங்குன்னு இருக்கறவங்களுக்குத்தான். ஒரே காதுல மட்டும் கத்துது, நாடி துடிக்கிற மாதிரி டப்டப்னு கேக்குது, இல்ல காலைல எந்திரிச்சா ஒரு காது திடீர்னு கேக்கலைன்னா எந்த மாத்திரையையும் ஒப்பிட்டுட்டு உக்காராதீங்க, அன்னைக்கே ஈஎன்டிகிட்ட போங்க, திடீர்னு போன காதுக்கு ஸ்டீராய்டு குடுக்கணும்னா சீக்கிரம் ஆரம்பிக்கறதுதான் நல்லது. அதே மாதிரி நான் எழுதுனத படிச்சுட்டு மெட்ஃபார்மின நிறுத்திடாதீங்க சாமி, பி12 மட்டும் பாருங்கன்னு டாக்டர்கிட்ட கேளுங்க போதும்.

பள்ளிபாளையம் மச்சான் இன்னும் ஜிங்க்க விடல. தாமிரக் கதைய சொன்னேன், "அப்ப செம்புப் பாத்திரத்துல தண்ணி குடிச்சுக்கறேங்க மாமா"ங்கறான். பி12 டெஸ்டுக்கு நானே 900 தர்றேன் வாடான்னா ஊசின்னா பயமாம். எனக்கு அடுத்த டெஸ்ட் தை மாசம், அன்னைக்கு அவனையும் வண்டில ஏத்திட்டுப் போறதா இருக்கேன்.