வாடகைக்கு எடுப்பதா, குத்தகைக்கு எடுப்பதா: பேஸ்பாலின் ஜூலைக் கெடு

சென்ற ஜூலை கடைசி வாரத்தில் என் முன்னால் இரண்டு பேரங்கள் இருந்தன. சிகாகோவின் மேற்குப் புறநகரில் வசிக்கும் 12 நண்பர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் ஃபேன்டஸி பேஸ்பால் லீக்கில் (நிஜ வீரர்களின் ஆட்டக் கணக்கை வைத்துக் கற்பனை அணிகளை மோதவிடும் விளையாட்டு), மேஜர் லீக்கைப் போலவே ஒவ்வொரு வீரருக்கும் ஒப்பந்த ஆண்டுகள் உண்டு. அவை தீர்ந்ததும் வீரர் ஏலத்துக்குப் போய்விடுவார். முதல் பேரத்தில், அந்த சீசனோடு ஒப்பந்தம் முடியவிருந்த முதல்தர பிட்சர் (பந்து வீசுபவர்) ஒருவருக்கு ஈடாக என்னிடமிருந்த 20 வயது ஷார்ட்ஸ்டாப்பைக் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நின்று தடுப்பவர்) கேட்டார்கள். இரண்டாவதில், அவரைவிட ஒரு படி குறைந்தவரானாலும் அந்த சீசன் போக இன்னும் இரண்டு ஆண்டுகள் மிச்சமிருந்த வேறொரு பிட்சருக்கு, அதே ஷார்ட்ஸ்டாப்போடு ஓர் இளம் கேட்சரையும் சேர்த்துக் கேட்டார்கள். நான் இரண்டாவதை எடுத்தேன். முதலாமவரை எடுத்த நண்பர் கோப்பையை வென்றார். நான் மூன்றாம் இடத்தில் முடித்தேன். அப்படியிருந்தும் என் முடிவு சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

சீசன் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்டாகிவிடப்போகும் (விரும்பிய அணியோடு சேரும் உரிமை பெறப்போகும்) வீரரை, அணிகள் வீரர்களைக் கைமாற்றிக்கொள்ளும் கெடு நெருங்கும் நேரத்தில் இரண்டு மூன்று மாதங்களுக்கு மட்டும் வாங்குவதை அமெரிக்க ரசிகர்கள் வாடகை என்றுதான் சொல்கிறார்கள். பல ஆண்டு உரிமையோடு வருபவரைக் குத்தகை என்று சொல்வது என் வழக்கம். மேஜர் லீக்கில் ஒரு வீரர் 6 ஆண்டுச் சேவையை முடிக்கும்வரை அவர்மீதான உரிமை அணியிடமே இருக்கும். பொதுவாக முதல் 3 ஆண்டுகள் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியும், பிறகு சம்பளத்தை முடிவு செய்யும் நடுவர் தீர்ப்பின் வழியே ஏறும் சம்பளத்திலும் அவர் ஆடுவார். வாடகைக்கு விலை குறைவு, குத்தகைக்கு அதிகம் என்பதையோ, எந்த இடத்தில் ஓட்டை என்று பார்த்து வாங்க வேண்டும் என்பதையோ விளக்கத் தேவையில்லை.

இரண்டு வழிகளையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் முயன்று பார்த்த அணி எங்கள் ஊரின் கப்ஸ். 2016 ஜூலை 25 அன்று யாங்கீஸிடமிருந்து க்ளோசர் (ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வீசி முடிப்பவர்) அரோல்டிஸ் சாப்மனை வாங்க, கிளேபர் டோரஸ் என்ற 19 வயது ஷார்ட்ஸ்டாப்பையும் மேலும் மூவரையும் கொடுத்தார்கள். சாப்மன் கப்ஸுக்காக வீசிய 26⅔ இன்னிங்ஸில் அவரது ஈ.ஆர்.ஏ. (9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ரன்; குறைந்தால் நல்லது) 1.01. கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் 7-வது ஆட்டத்தை வீட்டில் நின்றபடியே பார்த்தேன். உட்காரப் பொறுமை இல்லை. முந்தைய இரண்டு ஆட்டங்களிலும் வீசிக் களைத்திருந்த சாப்மனை எதிர்கொண்ட கிளீவ்லாந்தின் ரஜாய் டேவிஸ், மட்டையின் கைப்பிடியை வெகுவாக மேலேற்றிப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்து வந்த பந்தை இடதுபக்கச் சுவருக்கு மேலே அனுப்பி 6-6 என்று சமன் செய்தபோது, நாம் கொடுத்த விலை இதற்காகவா என்றே தோன்றியது. பிறகு 17 நிமிட மழை இடைவேளை, 10-வது இன்னிங்ஸ், 8-7 என்று கப்ஸின் வெற்றி, 108 ஆண்டுக் காத்திருப்பின் முடிவு. அந்த டிசம்பரிலேயே சாப்மன் 5 ஆண்டுகளுக்கு 86 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் யாங்கீஸுக்கே திரும்பிவிட்டார். டோரஸ் 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் ஆல்-ஸ்டார் ஆனார். கப்ஸ் ரசிகர் எவரும் இதற்காக வருந்தி நான் கண்டதில்லை.

அடுத்த ஆண்டு ஜூலை 13 அன்று வாங்கியது குத்தகை. ஒயிட் சாக்ஸின் ஹோஸே கின்டானா 2020 வரை மலிவான ஒப்பந்தத்தில் இருந்த இடதுகைப் பிட்சர்; அவருக்காக எலாய் ஹிமெனெஸ், டிலன் சீஸ் ஆகியோரோடு இன்னும் இருவரைக் கொடுத்தார்கள். ஹிமெனெஸை 2016-இல் சவுத் பெண்ட் மைதானத்தில் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காரோட்டிப் போய், மூன்றாம் பேஸுக்குப் பின்னால் உட்கார்ந்து அவருடைய பயிற்சி அடிகளைக் கேட்டதே போதும் என்றிருந்தது. பந்து மட்டையில் படும் சத்தம் மற்ற பையன்களுடையதைவிட ஒரு சுருதி தாழ்ந்திருந்தது. அதனால் பரிமாற்றச் செய்தி வந்த அன்று எனக்கு வயிற்றெரிச்சல்தான். கின்டானாவின் ஈ.ஆர்.ஏ. 2018-இல் 4.03, 2019-இல் 4.68. 2020-இல் வீட்டில் பாத்திரம் கழுவும்போது இடதுகைக் கட்டைவிரலை வெட்டிக்கொண்டு, அந்தச் சுருங்கிய சீசனில் 10 இன்னிங்ஸ் மட்டுமே வீசிவிட்டு ஃப்ரீ ஏஜென்டாகப் போனார். சீஸோ 2022-இல் 2.20 ஈ.ஆர்.ஏ.வோடு அமெரிக்கன் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்றார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் வாடகையே மேல் என்று முடித்துவிடுகிறார்கள். வென்ற கொடி என்றைக்கும் பறக்கும் என்பது அவர்கள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய வாசகம். எனக்கு வேறொன்று தெரிகிறது. கின்டானா விஷயத்தில் கப்ஸ் செய்த பெரிய பிழை குத்தகைக்கு எடுத்ததன்று. குத்தகையைக் கடைசி நாள்வரை தாங்களே வைத்திருந்து, வெறுங்கையோடு முடித்தது. 2018 முடிவில்கூட அவரிடம் இரண்டு ஆண்டுகள் மிச்சமிருந்தன. சுமாரான பிட்சருக்கும் அந்த இரண்டு ஆண்டுகளுக்காக விலை கிடைத்திருக்கும். வயலைக் குத்தகைக்கு எடுத்தவன் முதல் போகம் பொய்த்தால் மிச்சக் காலத்தை இன்னொருவனுக்குக் கைமாற்றி முதலில் பாதியையாவது மீட்பான். வாடகை வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சான் டியகோ பாட்ரெஸ் இதைச் செய்து காட்டியது. 2022 ஆகஸ்ட் 2 அன்று, அந்த ஆண்டின் கெடு நாளில், 23 வயது ஹுவான் சோட்டோவையும் ஜாஷ் பெல்லையும் வாஷிங்டனிடமிருந்து வாங்க அவர்கள் கொடுத்தது மக்கென்ஸி கோர், சி.ஜே. ஆப்ரம்ஸ், ஜேம்ஸ் வுட், ராபர்ட் ஹாசல், ஜார்லின் சுசானா, லூக் வோய்ட் ஆகிய ஆறு பேரை. சோட்டோமீது 2024 இறுதிவரை உரிமை இருந்தது. அந்த ஆண்டு பாட்ரெஸ் நேஷனல் லீக் இறுதிச் சுற்றுவரை போய் ஃபிலடெல்ஃபியாவிடம் தோற்றது. 2023-இல் சோட்டோ 35 ஹோம் ரன் அடித்தும் அணி 82-80 என்று முடித்து ப்ளேஆஃபையே எட்டவில்லை. ஆறு பேரை இழந்தும் கோப்பை வராத நிலையில், வாடகையாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் ஒரு சீசன் மிச்சமிருந்தது. 16 மாதம் வைத்திருந்த சோட்டோவை, 2023 டிசம்பரில், அவர் 2024-இல் பெறவிருந்த 31 மில்லியன் டாலர் சம்பளத்தையும் சேர்த்து யாங்கீஸின் தலையில் கட்டிவிட்டு, மைக்கேல் கிங், ட்ரூ தார்ப், கைல் ஹிகாஷியோகா உள்ளிட்ட ஐவரைப் பெற்றார்கள். கிங் 2024-இல் 2.95 ஈ.ஆர்.ஏ.வோடு அவர்களின் முன்னணித் தொடக்கப் பிட்சர்களில் ஒருவரானார். தார்ப்பை மூன்றே மாதம் வைத்திருந்து, அவரையும் இன்னும் மூவரையும் கொடுத்து ஒயிட் சாக்ஸிடமிருந்து வாங்கியது யாரை? கின்டானாவுக்காகக் கப்ஸ் கைவிட்ட அதே டிலன் சீஸை. 2024 ஜூலை 25 அன்று சீஸ் நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) வீசினார். வீசிய இடம் வாஷிங்டன், எதிரணி சோட்டோவை விற்ற நேஷனல்ஸ். அந்த ஆண்டு பாட்ரெஸ் 93 ஆட்டங்களை வென்றது. ஆப்ரம்ஸ், கோர், வுட் மூவரும் வாஷிங்டனில் ஆல்-ஸ்டார் ஆனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், விற்றவரும் நஷ்டப்படவில்லை. நான் சொல்வது, பெரிய விலை கொடுத்து எதிர்பார்த்தது நடக்காமல் போனபோதும் பாட்ரெஸின் கையில் விற்கப் பொருள் இருந்தது என்பதைத்தான்.

வாடகைக்கு இந்த வாய்ப்பை விதியே அடைத்து வைத்திருக்கிறது. ஓர் அணி தன் ஃப்ரீ ஏஜென்டுக்குக் குவாலிஃபையிங் ஆஃபர் கொடுத்து, அவர் மறுத்து வேறு அணிக்குப் போனால், ஈடாக ஒரு டிராஃப்ட் தேர்வு (புதிய வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) கிடைக்கும். சீசன் நடுவில் கைமாறிய வீரருக்கு அந்த ஆஃபரைக் கொடுக்க முடியாது. 2018-இல் டாட்ஜர்ஸ் ஐந்து பேரைக் கொடுத்து மேனி மச்சாடோவை வாங்கி, வேர்ல்டு சீரிஸில் பாஸ்டனிடம் தோற்று, பிறகு அவர் சான் டியகோவில் 300 மில்லியன் டாலருக்குக் கையெழுத்திட்டதை வேடிக்கை பார்த்தது. டாட்ஜர்ஸ் போன்ற பணக்கார அணிக்கு அது தாங்கும்.

குத்தகைக்கு எதிரான வலுவான சாட்சி பிட்ஸ்பர்க். 2018 கெடு நாளில் கிறிஸ் ஆர்ச்சரை 2021 வரையான உரிமையோடு வாங்க அவர்கள் டாம்பா பே அணிக்குக் கொடுத்தது டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், பின்னால் ஷேன் பாஸ். 2019-இல் ஆர்ச்சரின் ஈ.ஆர்.ஏ. 5.19, 2020 முழுவதும் அறுவைச் சிகிச்சையால் போயிற்று. விழுந்த பிட்சரின் மிச்ச ஆண்டுகளை வாங்க ஆளில்லை. மறுவிற்பனை என்று நான் அழுத்திச் சொல்வது, உடம்பு நிற்கும்வரையில்தான் செல்லும். பிட்சரின் முழங்கையை நம்பி மூன்று ஆண்டுக் கணக்குப் போடுவதில் எனக்கே தயக்கம் உண்டு. பேட்டர் என்றால் அந்தத் தயக்கம் பாதியாகிவிடும். க்ளோசர்கள் விஷயத்தில் என் அனுபவம் குறைவு. லீக்கில் நான் அவர்களை வாங்கியதே இரண்டு முறை. சாப்மனைப் பார்த்த பிறகு அவர்களை மட்டும் வாடகைக்கு எடுக்கலாம் என்றே சாய்கிறேன்.

இளம் வீரர்களின் மதிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பட்டியலில் மேலே இருக்கும் பையனை நாம் சொந்தப் பிள்ளையைப் போல வளர்த்து விலை ஏற்றிவிடுகிறோம். 2017 ஆகஸ்ட் 31 அன்று ஹூஸ்டன், 2019 வரை ஒப்பந்தம் இருந்த ஜஸ்டின் வெர்லாண்டரை வாங்கக் கொடுத்த மூவரில் அப்போது அதிகம் பேசப்பட்டவர் ஃப்ராங்கிளின் பெரெஸ். காயங்களால் அவர் மேஜர் லீக்கை எட்டவே இல்லை. வெர்லாண்டர் அந்த செப்டம்பரில் 5-0, 1.06 ஈ.ஆர்.ஏ., பிறகு கோப்பை, 2019-இல் சை யங். கொடுத்த ஹிமெனெஸ் சத்தத்தை நினைத்து நான் இரண்டாண்டு புலம்பியது தேவையற்றது; கடைசியில் கப்ஸைச் சுட்டது நான் சவுத் பெண்டுக்குப் போய்ப் பார்க்காத சீஸ்தான்.

என் பிட்சர் இந்த சீசனில் சுமாராகவே வீசுகிறார். எங்கள் லீக்கின் கணக்குத் தாளில் அவர் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் இருக்கும் 2 என்ற எண் அக்டோபரில் 1 ஆகும். அதற்குமுன் விற்றுவிட வேண்டும் என்று இருக்கிறேன். சென்ற ஆண்டு கோப்பை வென்ற நண்பர்தான் கேட்டு அனுப்பியிருக்கிறார். ஈடாகத் தர முன்வந்திருப்பது, நான் அன்று கொடுத்த 20 வயது ஷார்ட்ஸ்டாப்பைப் போலவே தோன்றும் ஒரு 19 வயதுப் பையனை. கூட ஒரு ரிலீவரையும் (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் பிட்சர்) சேர்த்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.