செதில் போடுவதா, தூர் பிரிப்பதா? ராமநாதபுரம் கடலோரத்தில் லில்லி பெருக்க எது தோது

லில்லிக் கிழங்கைச் செதில் செதிலாகப் பிரித்து, ஈரமான கோகோபீட்டோடு, அதாவது தென்னை நார்த்தூளோடு, ஒரு பையில் கட்டி வைத்தால் ஒவ்வொரு செதிலின் அடியிலும் குட்டிக் கிழங்கு பிறக்கும் என்று காட்டும் வீடியோக்கள் இப்போது நிறையவே சுற்றுகின்றன. மண்டபத்திலோ கீழக்கரையிலோ இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா என்றால், முடியும். குட்டிக் கிழங்கு வரும் வரைக்கும் பெரிதாக ஒரு தடங்கலும் இல்லை. அதற்கு அப்புறம்தான் வம்பே.

அதனால் செதில் முறையை மட்டும் பேசாமல், நம் கைக்கு எட்டுகிற மற்ற வழிகளோடு சேர்த்தே பார்த்துவிடலாம். ஆசியாட்டிக், ஓரியன்டல் என்று விற்கிற அசல் லில்லியைச் செதிலில் பெருக்குவது ஒன்று. அமரில்லிஸ் கிழங்கைக் கீறி இரட்டைச் செதிலாக வைப்பது இன்னொன்று. சிலந்தி லில்லி, மழை லில்லி மாதிரி தானே தூர் கட்டுகிறவற்றைப் பிரித்து நடுவது மூன்றாவது. விதையும் இருக்கிறது, அதைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

முதலில் அசல் லில்லி. இந்தக் கிழங்குக்கு மேல்தோல் கிடையாது, சதைப்பற்றான செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று தளர்வாக அடுக்கியிருக்கும், விரலால் வெளிப்பக்கம் வளைத்தாலே அடியோடு ஒடிந்து வந்துவிடும். வெளிச்சுற்றில் எட்டு பத்துச் செதில் மட்டும் எடுத்துக்கொண்டு தாய்க்கிழங்கை மறுபடி நட்டுவிடலாம், அது பாட்டுக்கு வளரும். இந்த முறையின் பெரிய வசதியே இதுதான், தாய் சாகாது. எடுத்த செதிலைப் பூஞ்சைக்கொல்லியில் நனைத்து, பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமுள்ள கோகோபீட்டில் கலந்து பையில் கட்டி, 20 முதல் 24 டிகிரி இருக்கிற இடத்தில் வைத்தால் ஆறு முதல் பத்து வாரத்தில் செதிலுக்கு ஒன்று, இரண்டு, சில சமயம் மூன்று குட்டிகள் வரும். நம் பக்கத்தில் அந்தச் சூட்டுக்குக் கிட்டத்தட்ட ஒத்துவருவது மார்கழியும் தையும்தான். சித்திரையில் ஆரம்பித்தால் பையைத் திறக்கும்போது வாடையே சொல்லிவிடும்.

சரி, குட்டி வந்தாச்சு. பெரும்பாலான ரகங்களில் இந்தக் குட்டிகள் உறக்கத்தில் இருக்கும், 4 அல்லது 5 டிகிரி குளிரில் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கிடந்தால்தான் விழித்து ஒழுங்காக இலை விடும். குளிர் என்றால் நமக்கு ஃபிரிட்ஜ்தான். காய்கறித் தட்டில் வைக்கலாம், ஆனால் அதே தட்டில் ஆப்பிள், மாம்பழம், வாழைப்பழம் இருக்கக் கூடாது, பழுக்கிற பழம் விடுகிற எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கிற மொட்டைக் கெடுக்கும். கடலோர வீட்டில் ஃபிரிட்ஜில் மீனுக்கே இடம் போதாது, மூன்று மாதத்துக்கு ஒரு தட்டை யார் விட்டுத் தருவார்கள் என்பதையும் வீட்டில் பேசி முடித்துவிட்டு ஆரம்பியுங்கள். இத்தனையும் தாண்டினால் பூக்க இரண்டு மூன்று வருஷம்.

இத்தோடு முடிந்தாலும் பரவாயில்லை. குளிர்காலம் உள்ள ஊர்ச் செடி என்பதால் பூக்கிற வயசு வந்த பிறகும் வருஷா வருஷம் அதற்குக் குளிர் வேண்டும். அதாவது ஒவ்வொரு வருஷமும் தோண்டி, கழுவி, மறுபடி அதே தட்டு. நமக்குப் பக்கத்தில் காட்டிலேயே வளர்கிற அசல் லில்லி என்று பார்த்தால் நீலகிரியிலும் பழனி மலையிலும் இருக்கிற நீலகிரி லில்லிதான், அதுவும் மலைக்குளிரில்தான் இருக்கிறது, கீழே இறங்கி வரவில்லை. லாங்கிஃப்ளோரம் என்கிற வெள்ளை எக்காள லில்லி ஜப்பானின் தெற்குத் தீவுகளில் கடலோரத்திலேயே வளர்வது, மற்ற ரகங்களைவிட வெக்கையைக் கொஞ்சம் தாங்கும். ஆசைப்பட்டே தீருவேன் என்றால் அதைத் தேடுங்கள். குளிர் வேலை அதற்கும் முழுசாகத் தப்பாது.

இன்னொன்று, பூனை. மீன் வாங்குகிற வீட்டில் பூனை இல்லாமல் இருக்காது. அசல் லில்லியின் இலை, பூ, மகரந்தம் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் தப்பில்லை.

அமரில்லிஸ் கதை வேறு. பழைய வீட்டு முற்றங்களில் தடித்த தண்டின் நுனியில் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ எக்காளம் மாதிரி பூக்குமே, அதுதான். தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தது, ஃபிரிட்ஜ் கேட்காது. இதன் கிழங்கு வெங்காயம் போலத் தோல் மூடி இறுக்கமாக இருக்கும், செதிலைத் தனியாக உரித்து வைத்தால் பயனில்லை, வேர் கிளம்புகிற அடித்தட்டில் ஒரு துண்டு கூடவே இருந்தால்தான் குட்டி வரும். அதனால் கத்தி வேண்டும். இலையையும் கிழங்கின் மேல் பகுதியையும் வெட்டித் தள்ளிவிட்டு, வேரை ஒட்ட நறுக்கி, ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் மேலிருந்து கீழாக அடித்தட்டு வரைக்கும் எட்டாகக் கீறுங்கள். பொறுமையும் கை நிதானமும் இருந்தால் ஒவ்வொரு துண்டையும் மறுபடி பிரித்து, இரண்டு செதிலும் கொஞ்சம் அடித்தட்டும் சேர்ந்து நிற்கிற மாதிரி எடுக்கலாம், ஒரே கிழங்கில் முப்பதுக்கு மேல் தேறும். ஆனால் துண்டு சின்னதாக ஆக ஆக அழுகலும் கூடும், முதல் தடவைக்கு எட்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. பூஞ்சைக்கொல்லி, ஈரக் கோகோபீட், கட்டின பை, வெயில் படாத அலமாரி, எல்லாம் முன்னே சொன்னதுதான். 25 டிகிரி சுமாருக்கு இரண்டு மூன்று மாதத்தில் செதில்களுக்கு நடுவே குட்டி தெரியும், நேராகத் தொட்டிக்கு மாற்றிவிடலாம். பூக்க இதற்கும் இரண்டு மூன்று வருஷம் ஆகும். தாய்க்கிழங்கு போய்விடும் என்பதுதான் இழப்பு, ஒன்றே ஒன்று வைத்திருப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம். ஆனால் அமரில்லிஸ் தானாகப் பக்கக்கிழங்கு விடுவது மெதுவாகத்தான், அந்தக் கணக்கில் பார்த்தால் கீறுவதற்கு அர்த்தம் இருக்கிறது.

எந்த முறையை எடுத்தாலும் கடைசியில் தீர்மானிப்பது தண்ணீர். நம் கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற தெருக்கள் இருக்கின்றன. அசல் லில்லி உப்பை அறவே தாங்காது, இலை நுனி கருகித் தொடங்கி மொட்டு உதிரும் வரை போகும். அமரில்லிஸ் சுமாராகச் சமாளிக்கும், குட்டியாக இருக்கும்போது மட்டும் காவிரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஊற்ற வேண்டும். கோகோபீட்டிலும் உப்பு இருக்கும், கட்டியை ஊறவைத்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியாமல் பையில் போடாதீர்கள். கடற்கரை மணலைத் தொட்டிக்கு அள்ளி வருகிற பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், உப்போடு சிப்பிச் சுண்ணாம்பும் சேர்ந்து வரும்.

உப்புத் தண்ணீர் மட்டும்தான் என்றால் பேச்சே இல்லை, சிலந்தி லில்லிதான். இதழ்கள் நீண்டு ஒல்லியாகத் தொங்க, நடுவில் மெல்லிய கிண்ணம் வைத்த மாதிரி வெள்ளைப் பூ. வெப்பமண்டலக் கடற்கரைகளில் தானே வளர்கிற இனம், ஆடிக் காற்று அள்ளி வீசுகிற உப்பும் மணலும் அதை ஒன்றும் செய்யாது. விஷமூங்கிலும் அதே ரகம்தான், கொஞ்சம் பெரிய உருவம், அதன் விதை கடல்நீரில் மிதந்து போய்க் கரை ஒதுங்கி முளைக்கும். இவற்றுக்குச் செதிலும் வேண்டாம் பிளேடும் வேண்டாம். புரட்டாசியில், பெரிய மழைக்கு முன்னால், தூரைத் தோண்டிக் கையால் பிரித்து, கிழங்கின் கழுத்து மண்மட்டத்தில் இருக்கும்படி ஒரு அடிக்கு ஒன்று நட்டால் ஐப்பசி மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பெரிய கிழங்காக இருந்தால் அடுத்த வருஷமே பூவும் வரும்.

மழை லில்லி இதைவிடச் சுலபம், சின்னத் தொட்டியே போதும், காய்ந்து கிடந்த மண்ணில் ஒரு நல்ல மழை விழுந்தால் சில நாளில் பூத்து நிற்கும். மஞ்சள் ரகம் தாராளமாக விதை கட்டும், கறுத்த தட்டை விதையை உடனே தூவினால் ஓரிரு வாரத்தில் முளைக்கும், ஒரு வருஷம் சுமாரில் பூ பார்க்கலாம். வேகத்தில் செதில் முறை எதுவும் இதன் பக்கத்தில் வர முடியாது.

ஆக, செதில் போட்டுப் பார்க்கிற ஆசை உங்களுக்கு நிஜமாகவே இருந்தால் அமரில்லிஸில் காட்டுங்கள், உழைப்புக்குப் பலன் அங்கேதான் இருக்கிறது. பூ மட்டும் போதும் என்றால் தூர் பிரியுங்கள். அசல் லில்லியை மலையில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

செதிலோ தூரோ, தாய்க்கிழங்கை மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டு இறங்குங்கள். இலையில் வெளிர் மஞ்சள் கோடும் திட்டுமாக இருந்தால் அது மொசைக் வைரஸாக இருக்கலாம், கிழங்கில் உள்ள வைரஸ் அதிலிருந்து எடுக்கிற குட்டிகளுக்கும் போய்விடும், பூஞ்சைக்கொல்லி அதைத் தொடாது. அந்தத் தொட்டியைத் தள்ளி வைத்துவிட்டு வேறு கிழங்கை எடுங்கள், பிளேடையும் கிழங்குக்குக் கிழங்கு துடையுங்கள்.