12 அடி ஹாலில் டவர் ஸ்பீக்கர்: ஒரு 47 ஹெர்ட்ஸ் புலம்பல்

டவர் ஸ்பீக்கர் விலை இறங்கியிருக்கிறது, புக்‌ஷெல்ஃபைத் தள்ளிவிட்டு மாறலாமா என்று ஒயிட்ஃபீல்டு நண்பர் ஒருவர் கேட்டார். ஹால் எவ்வளவு என்றதற்கு "பெரிய ஹால்தான்" என்றார். பெங்களூரு ஃப்ளாட்டில் பெரிய ஹால் என்றால் டேப் வைத்து அளந்த பிறகுதான் நம்ப வேண்டும். அளந்தால் 12 அடிக்கு 11. இதே அளவு ஹாலில், இதே மாதிரி ஏவிஆரில் (ஆம்ப்ளிஃபயர் உள்ளே வைத்த, ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி) இரண்டு வகையையும் வருடக்கணக்கில் மாற்றி மாற்றி ஓட்டியதில் தெரிந்தது கீழே. டவர் என்று நான் சொல்வது ஆறரை இஞ்ச் வூஃபர் (அடி ஒலியை வாசிக்கும் பெரிய கூம்பு) இரண்டு போட்ட, ஒரு மீட்டர் உயரப் பெட்டி. புக்‌ஷெல்ஃப் என்பது அதே சீரிஸில் ஐந்தேகால் இஞ்ச் வூஃபர் ஒன்று மட்டும் இருக்கும் சின்னது. பேஸ் எனும் கனத்த அடி ஒலிக்கென்றே தனி சப்வூஃபரோடு 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்). வாட்ஸ் கணக்கெல்லாம் அட்டைப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும், அதை இங்கே எழுதவில்லை.

முதலில் புலம்பல். 12 அடி என்பது 3.66 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். அதை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 47. அந்த ஹெர்ட்ஸில் (நொடிக்கு அத்தனை அதிர்வு) ஒலி இரண்டு சுவருக்கும் நடுவே போய்த் திரும்பித் தன் மேலேயே ஏறி நின்றுகொள்ளும். 11 அடிப் பக்கத்துக்கு 51. ஒன்பதரை அடி உயரக் கூரைக்கு 59. மூன்றும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்த பையன்கள் மாதிரி. அந்த பெஞ்சுக்கு நேரே காற்றைத் தள்ளத்தான் டவரில் இரண்டு வூஃபரும் 40 ஹெர்ட்ஸ் பக்கம் ட்யூன் செய்த போர்ட்டும் (பேஸைக் கூட்டப் பெட்டியில் விட்ட காற்றுத் துளை) வைத்திருக்கிறார்கள்.

கேட்பதற்கு எப்படி இருக்கும்? நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை அழுத்தாமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். மூன்றாம் கட்டில் அழுத்தினால் 49. எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் படியிறங்கி வருவது போல நடக்கும். இந்த ஹாலில் அந்த 49-ஆம் படியில் மட்டும் யாரோ தொம்மென்று குதிப்பார்கள், வேறொரு படி காணாமலே போயிருக்கும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் (நம் வீடுகளில் வேறு எங்கே போடுவது?) இன்னும் மோசம், ஏனென்றால் சுவரோரத்தில்தான் இந்த அழுத்தம் உச்சம். ஹாலின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே 47 சுத்தமாக இல்லை. சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி முன்னால் இழுத்தால் ஓரளவு அடங்கும். ஆனால் நடக்கும் வழி போய்விடும், வீட்டில் அதற்கு ஒரு பஞ்சாயத்து.

வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டு "அவர்களுக்கு மட்டும் டவர் நன்றாக அமைகிறதே" என்பவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே நிறைய வீடுகளில் உள்சுவர் மரச் சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. அது தானும் கொஞ்சம் அதிர்ந்து பேஸைத் தின்றுவிடும், மிச்சத்தை அடுத்த அறைக்குக் கசியவிடும். இங்கே சாலிட் பிளாக் சுவர், புது அடுக்குமாடி என்றால் முழுக் கான்கிரீட்டே. கீழே விட்ரிஃபைடு டைல், மேலே ஸ்லாப். போன பேஸ் போன வேகத்தில் திரும்பி வரும். 47 ஹெர்ட்ஸின் அலைநீளம் 7 மீட்டருக்கு மேல். அதன் முன்னால் இரண்டு இஞ்ச் ஃபோமும் திரைச்சீலையும் ஒன்றுமில்லை. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டச் சொல்பவர்களை என்ன செய்வதென்றே தெரியவில்லை. கைதட்டல் எதிரொலி கொஞ்சம் குறையும், பல்லி குடிவரும்.

கடையில் இது தெரியாது. டெமோ அறை நீளமாக இருக்கும், கார்ப்பெட் இருக்கும், டவர் சுவரிலிருந்து நாலடி தள்ளி ராஜா மாதிரி நிற்கும். "சார், பேஸ் சும்மா அதிரும்" என்பார்கள். அதிரும்தான், எங்கே அதிரும் என்பதுதான் கேள்வி.

இதைவிட எரிச்சல் தருவது வேறொன்று. ஸ்பீக்கரை வைக்கும் இடத்தைக் காதுதான் முடிவு செய்யும். உட்காரும் இடத்திலிருந்து 22 முதல் 30 டிகிரி கோணம், இரண்டு பக்கமும் சமதூரம், மேல் ஒலிக்கான சின்னக் கூம்பு, ட்வீட்டர், காது உயரத்தில். அந்த இடம் பேஸுக்கு நல்ல இடமாக அமைவது அபூர்வம். சப்வூஃபரை எந்த மூலைக்கும் நகர்த்தலாம், டவரின் வூஃபரை நகர்த்தினால் பாடகரும் கூடவே நகர்வார். பின்பக்கப் போர்ட்டுக்காக ஒரு அடி விட்டு, பெட்டியின் ஆழம் 38 சென்டிமீட்டரையும் சேர்த்தால், முன்பலகை சுவரிலிருந்து சுமார் 68 சென்டிமீட்டர். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி முன்னால் போவதை அடித்துவிடுவது 343-ஐ அந்தத் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்த இடத்தில், அதாவது 126 ஹெர்ட்ஸில். ஆண் குரலின் அடி அங்கேதான். கீழே 47 வீங்கி, மேலே 126 குழி விழுந்தால் வில்லன் மிரட்டுவது தகர டப்பாவுக்குள்ளிருந்து வரும். புக்‌ஷெல்ஃப் ஆழம் குறைவு. சுவருக்கு நெருக்கி, முன்பலகை 35 சென்டிமீட்டரில் நிற்கும்படி வைத்தால் குழி 245-க்கு மேலேறும், அங்கே அது அவ்வளவாக உறுத்தாது. அதற்கு முன்பக்கப் போர்ட் அல்லது மூடிய பெட்டி வேண்டும்.

சரி, டவரை ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால்? ஏவிஆரின் ஆட்டோ அளவீடு மைக் வைத்துப் பார்த்துவிட்டு டவரைப் பெரும்பாலும் "லார்ஜ்" என்று எழுதிவிடும். அளவீடு முடிந்ததும் மெனுவுக்குள் போய் "ஸ்மால்" ஆக்குங்கள், அப்போதுதான் அடி பேஸ் சப்புக்குப் போகும். கிராஸ்ஓவர், அதாவது பேஸ் சப்புக்குப் பிரியும் எல்லை, 80 ஹெர்ட்ஸ். சப் மோடு "எல்எஃப்இ" (படத்தின் தனி பேஸ் தடம்) மட்டும். "லார்ஜ்" ஆகவே விட்டு "எல்எஃப்இ + மெயின்" என்று இருந்தால் ஒரே பேஸை டவரும் சப்பும் இரண்டு இடத்திலிருந்து வாசிக்கும், வீக்கம் இரட்டிப்பாகும். டவர் வைத்திருப்பவர்கள் "பேஸ் கொழகொழவென்று இருக்கிறது" என்று சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான். சென்டர் ஸ்பீக்கருக்கு 80 அல்லது 100 வையுங்கள். பின்னணி இசை வசனத்தை விழுங்குகிறது என்ற புகாரில் பாதி இங்கேயே தீரும். மீதி ஒலிக்கலவை செய்தவர்கள் கையில்.

80-இல் வெட்டிய பிறகு கணக்கைப் பாருங்கள். 80-க்குக் கீழே எல்லாம் சப்பின் வேலை. அந்த 40 ஹெர்ட்ஸ் ஆழத்துக்காகக் கொடுத்த காசு சும்மா நிற்கிறது. டவர் இப்போது ஸ்டாண்டோடு பிறந்த ஒரு புக்‌ஷெல்ஃப். இந்த ஹாலில் சத்தத்துக்கும் அது தேவையில்லை. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 85 டெசிபல் தரும் சாதாரண புக்‌ஷெல்ஃப் ஜோடி, 10 வாட்டில் 3 மீட்டர் தள்ளி சோபாவில் 88-ஐத் தொடும், அறையின் எதிரொலி அதற்கும் மேல். ஃப்ளாட்டில் அதற்கு மேல் போனால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நம் வீட்டு மணியை அடிப்பார். ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை வைத்திருக்கும் வரம்பு 45 டெசிபல். சுவரையும் ஸ்லாபையும் தாண்டுவதில் பேஸுக்கு நிகர் எதுவுமில்லை.

டவர் ஏவிஆரையும் வாட்டும். இரண்டு வூஃபர் இணையாக இருப்பதால் மின்தடை சில இடங்களில் 4 ஓமுக்கும் கீழே இறங்கும், கரண்ட் கூடி ஏவிஆர் சூடாகும். கதவு வைத்த டிவி யூனிட்டுக்குள் ஏவிஆரை அடைத்திருந்தால் சண்டைக் காட்சியின் நடுவே அணைந்துபோகும். மேலே ஐந்தாறு இஞ்ச் காலியிடம் விடுங்கள், டிவி யூனிட்டின் பின்பலகையை அறுத்துவிடுங்கள். ஒயர் பெங்களூரு எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் வாங்குகிறீர்களா? முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, வேண்டாம். அதற்கு வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரே மேல்.

இதைப் படித்துவிட்டு புக்‌ஷெல்ஃப் அப்பாவி என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெயரே ஏமாற்று. புத்தக அலமாரிக்குள் வைத்தால் கிணற்றிலிருந்து பேசும். டிவி யூனிட் மேல் வைத்தால் பலகையில் பட்டு எதிரொலிக்கும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க ஓனர் விடமாட்டார், 11 மாத ஒப்பந்தத்தில் அதற்கென்றே ஒரு வரி இருக்கும். ஆகவே ஸ்டாண்டு. ஸ்டாண்டு வந்ததும் "இடம் மிச்சம்" என்ற பேச்சு போயிற்று, டவர் அடைக்கும் அதே தரையை இதுவும் அடைக்கும். கடை ஸ்டாண்டின் விலையைப் பார்த்தால் கோபம்தான் வரும். கிரில் போடும் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்யுங்கள்: 75 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் கனம், 24 இஞ்ச் உயரம். அடித்தட்டு 12-க்கு 10 இஞ்ச், 6 மில்லிமீட்டர் தகடு, அதுவே மூன்றரைக் கிலோ வரும். மேல்தட்டு ஸ்பீக்கரைவிடத் துளி சின்னது. குழாய்க்குள் எம்-சாண்ட் கொட்டுங்கள், சலித்து இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு. ஈரத்தோடு கொட்டினால் உள்ளே துரு. குழாய் ஒன்றுக்கு ஐந்து கிலோ அளவுக்குப் பிடிக்கும். ஸ்பீக்கருக்கு அடியில் நாலு மூலையிலும் சுண்டைக்காய் அளவு ப்ளூ டாக் (களிமண் மாதிரி ஒட்டும் பசை). குழந்தை இழுத்தாலும் சட்டென்று சாயாது.

கடகடப்பு இரண்டுக்கும் பொது. போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, ஏவிஆரோடு இணைத்து, 30-இலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே ஒருவர் அறையைச் சுற்றி வர வேண்டும். ஷோகேஸின் நகரும் கண்ணாடி, ஜன்னலின் அலுமினியக் கொசுவலைச் சட்டம், ஃபால்ஸ் சீலிங் விளக்கின் ஸ்பிரிங், பூஜை அலமாரி மணி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கும். கண்ணாடிக்கு ஃபெல்ட் பட்டை, சட்டத்துக்கு ஃபோம் டேப். ஸ்பீக்கரே கிழிந்துவிட்டது என்று ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் இதைச் செய்யுங்கள்.

ரிப்பேர் என்றதும் டவருக்கே உரிய ஒரு திருட்டு நோய் நினைவுக்கு வருகிறது. இரண்டு வூஃபரில் ஒன்று செத்துப்போனாலும் மற்றது பாடிக்கொண்டிருக்கும், மாதக்கணக்கில் தெரியாது. ஏவிஆரை அணைத்து, ஒயரைக் கழற்றி, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். இணையாக இருக்கும் இரண்டு 8 ஓம் வூஃபர் என்றால் மூன்று, மூன்றரை ஓம் காட்டும். ஆறு பக்கம் காட்டினால் ஒன்றின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அறுந்திருக்கிறது. எது என்று பார்க்க 1.5 வோல்ட் பென்சில் செல்லை முனையில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். உயிருள்ள கூம்பு முன்னால் துள்ளும், மற்றது சும்மா இருக்கும். ஆறேழு சிறிய ஸ்க்ரூ, ஒரே வூஃபர் மாற்று, முடிந்தது. புக்‌ஷெல்ஃபில் இந்தக் கண்ணாமூச்சி கிடையாது, போனால் போனதுதான்.

இத்தனைக்கும் பிறகு நண்பருக்கு என் பதில்: மாற வேண்டாம். புக்‌ஷெல்ஃபே இருக்கட்டும், டவருக்கு ஒதுக்கிய காசில் இரண்டாவது சப் வாங்குங்கள். ஒன்று முன்சுவரின் நடுவில், இன்னொன்று பின்சுவரின் நடுவில். அப்படி வைத்தால் நீளவாட்டு 47-ஐ இரண்டும் சேர்ந்து பெருமளவு அடித்துவிடும். அகலவாட்டு 51-ஐ அவை சீண்டவே சீண்டாது.

ஆனால் என் டவரை விற்பதாக இல்லை. 80-க்கும் 200-க்கும் நடுவில் அது செய்வதை ஐந்தேகால் இஞ்ச் செய்யாது. இரண்டு ஆறரை இஞ்ச் கூம்பின் பரப்பு, ஒரு ஐந்தேகாலின் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 80-இல் வெட்டினாலும் இந்த இடம் டவரிடமே இருக்கிறது. நாதஸ்வரக் கச்சேரியில் தவிலின் தொப்பியில் கழி விழும்போது புக்‌ஷெல்ஃபில் சத்தம் வருகிறது. டவரில் தோல் தெரிகிறது, அடித்தவரின் கை தெரிகிறது. கணக்குப்படி வேண்டாத பொருள், ஆமாம். ஞாயிறு மத்தியானம் சப்பை அணைத்துவிட்டு, பேஸை அடக்கப் போர்ட்டில் அடைத்து வைத்திருக்கும் சுருட்டிய சாக்ஸை உருவிவிட்டு, ஸ்டீரியோவில் போட்டால் அந்த 47 அப்போதும் ஒரு மூலையில் தொம்மென்று குதிக்கும். குதிக்கட்டும்.