ஏபிஎஸ் விளக்குக்கு 22,500 ரூபாய் பறித்தார்கள், உஷார்!

கோத்தகிரி, குன்னூர் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள். 22,500 ரூபாய் போய்விட்டது. எழுதும்போதே கை நடுங்குகிறது, அவ்வளவு ஆத்திரம்.

என்னுடையது 2019 மாடல். மழை விட்ட கையோடு மீட்டரில் மஞ்சளாக ஏபிஎஸ் (அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிய ஆரம்பித்தது. பிரேக் வழக்கம்போலப் பிடித்தது. ஆனால் அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குக் கோவைக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்த விளக்கோடு குஞ்சப்பனை மலைப்பாதை வழியாக யார் இறங்குவார்கள்? எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகினார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஏபிஎஸ்ஸைக் கட்டுப்படுத்தற மாட்யூல் போயிருச்சுண்ணா. புதுசு நாப்பதாயிரத்தைத் தாண்டும். நல்ல கண்டிஷன்ல பழசு ஒண்ணு வாங்கிப் போட்டுத் தர்றேன். அம்மாவை வச்சுக்கிட்டு மலை இறங்கறீங்க, ரிஸ்க் எடுக்காதீங்க" என்றார். அம்மாவுக்கு நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். இப்படிப் பேசுகிறவரை எப்படிச் சந்தேகப்படுவது? 22,500 ரூபாயை ஜிபே செய்தேன். சாயங்காலம் விளக்கு அணைந்திருந்தது. அதை நம்பித்தான் அம்மாவோடு மலை இறங்கி ஏறினேன்.

கொஞ்ச நாளில் கட்டபெட்டு தாண்டும்போது, ஒரு குழியில் இறங்கி ஏறியதும் அதே விளக்கு. போன் செய்தால் "ஸ்கேனர் பையன் லீவு". அப்புறம் "இது வேற பிராப்ளம்ணா". கழற்றிய மாட்யூலைக் கேட்டேன், "ஸ்கிராப்புக்குப் போட்டாச்சு". அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. நேரில் போய் நின்றால், வேறு வண்டிக்கு அடியில் படுத்தபடியே "எலக்ட்ரிக் சாமானுக்கு கேரண்டி கிடையாதுண்ணா" என்கிறார். முகத்தைக்கூடக் காட்டவில்லை.

மேட்டுப்பாளையத்தில் ஒரு பெரியவர் ஜாக்கி வைத்து இடது முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரின் வயர் உரசித் தேய்ந்து, கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. வண்டி குலுங்கும்போது தொடர்பு விட்டுப்போகிறது, உடனே விளக்கு எரிகிறது. மாற்றுவதற்குக் கூலியோடு 2,600 ரூபாய். பிறகு மாட்யூலைக் காட்டினார். "இதை மாத்தணும்னா இந்த பிரேக் பைப் எல்லாத்தையும் கழட்டணும் தம்பி. நட்டுல ஸ்பேனர் பட்ட தடமே இல்ல. மாத்தியிருந்தா பைப்புக்குள்ள போன காத்தை எடுத்துப் புது பிரேக் ஆயில் ஊத்தியிருக்கணும். இது கறுத்துப்போன பழைய ஆயில்." அப்படியானால் ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழித்து விளக்கை அணைத்ததற்குத்தான் 22,500 ரூபாய்! பணம்கூடப் போகட்டும். ஏபிஎஸ் எப்போது வேண்டுமானாலும் விட்டுப்போகும் வண்டியில், ஈரமான கொண்டை ஊசி வளைவுகளில் என் அம்மாவை உட்கார வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம் என்பதுதான் ஆபத்து. நிதானமாக ஓட்டிப் போய் இன்னொரு இடத்திலும் காட்டுங்கள். சிவப்பு ஆச்சரியக்குறி எரிந்தால் ஹேண்ட் பிரேக்கையும் பிரேக் ஆயில் அளவையும் பாருங்கள். ஹேண்ட் பிரேக் இறக்கியும் அணையாவிட்டால் வண்டியை எடுக்கவே வேண்டாம். ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீட்டை போட்டோ எடுங்கள். கழற்றிய சாமான் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து ஊட்டி நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.