சிவப்பு அட்டை: மூன்று மாதம் கல்லாவில் வைத்துப் பார்த்ததில்

குடியேற்ற அதிகாரிகள் கதவைத் தட்டினால் நம் உரிமையைச் சொல்லிக் காட்டும் அட்டை இது. விலை ஒன்றுமில்லை. நியூ ஜெர்சி எடிசனில் ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடந்த கூட்டத்தில் நூறு அட்டை கொடுத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவின் ஐ.எல்.ஆர்.சி. என்ற சட்ட உதவி அமைப்பு 2007 முதல் போடுவது. விசிட்டிங் கார்டு அளவு. ஒரு பக்கம் ஸ்பானிஷில் குறிப்புகள். மறுபக்கம், ஐஸ் (அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறை) அதிகாரியிடம் காட்ட ஆங்கிலத்தில்: பேச விரும்பவில்லை, கையெழுத்துப் போடமாட்டேன், நீதிபதி கையெழுத்திட்டு என் பெயர் உள்ள வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் வர அனுமதி இல்லை.

எங்களுடையது தோசைக் கடை. மாவும் கல்லும் எங்கள் கையில். வெங்காயம் வெட்டுவதும் பாத்திரமும் குவாத்தமாலா, ஈக்வடார் ஆட்கள். 2025 மே மாதம் நெவார்க்கில் டெலனி ஹாலை ஆயிரம் படுக்கையோடு ஐஸ் பிடிப்பவர்களை அடைக்கும் தடுப்பு முகாமாகத் திறந்ததிலிருந்து பஸ் ஏறவே பயப்படுகிறார்கள்.

குறை சொல்லிவிடுகிறேன். வாரண்டைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொல் என்கிறது அட்டை. எங்கள் அபார்ட்மென்ட் கதவுகளில் குளிருக்காக ரப்பர் பட்டை அடித்திருக்கிறது, எறும்புகூட நுழையாது. ஜன்னல் கண்ணாடியில் வைத்துக் காட்டச் சொல்லலாம் என்றார் கூட்டம் நடத்திய அம்மா. தீர்ந்தபின் நானே சாதாரணத் தாளில் அச்சடித்தவை வாஷிங் மெஷினில் கூழாகிவிட்டன. கெட்டி அட்டையில் போடுங்கள்.

அட்டையைவிட உருப்படியானது, ஐஸ் வந்து தட்டினால் என்ன செய்வது என்று கூட்டத்தார் நடத்திய ஒத்திகை. ஸ்டோர் ரூம் கதவை ஒருவர் படபடவென்று தட்டினார். "யாரு?" என்று கேட்கும்போதே என் கை தாழ்ப்பாளில். வளர்ப்பு அப்படி, வாசலில் ஆள் நின்றால் திறந்துதானே பழக்கம். மூன்றாவது முறைதான் கை நின்றது. வெங்காயம் வெட்டும் அக்கா முதல் தடவையே சரியாகச் செய்தார். வாரண்டின் தலைப்பையும் பார்க்கச் சொன்னார்கள்: கோர்ட் பெயர் இருந்தால் நீதிபதியுடையது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை பெயரோடு ஐ-200 என்ற படிவ எண் இருந்தால் துறை அதிகாரியே கையெழுத்திட்டது, அதைக் காட்டினால் கதவைத் திறக்க வேண்டியதில்லை. கடையில் சாப்பிடும் ஹாலுக்குள் யாரும் வரலாம்; கிச்சன் அப்படியல்ல. அன்றே கிச்சன் கதவில் "ஊழியர்கள் மட்டும்" என்று ஒட்டினேன்.

"நாம எச்-1பி வேலை விசா, நமக்கெதுக்கு சார்?" என்றார் ஒரு வாடிக்கையாளர். சிட்டிசனுக்கும் இந்த உரிமை உண்டு என்றேன். பில்லோடு இரண்டு எடுத்துப் போனார்.

ஐந்துக்கு நான்கு. ரப்பர் பட்டைக்காக ஒன்று கழித்தேன். வாங்கினால் இருநூறாக வாங்குங்கள், என் நூறு பன்னிரண்டு நாளில் காலி.