பியூப்பில் (கண்பாவை) பாக்க வாங்கின பென் டார்ச், ஐசியூல வேலை பாக்கறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

ஆன்லைன்ல 300 ரூபாய்க்குள்ள கெடச்சுது. மஞ்ச வெளிச்சம், சைடுல 2 மில்லிமீட்டர்லருந்து 9 வரைக்கும் கருப்பு வட்டம் போட்ட ஸ்கேல், ரெண்டு ஏஏஏ பேட்டரி.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது வெளிச்சம் தான். நம்மாளுங்க கண்ணு கரும்பழுப்பு, மங்கலான டார்ச் அடிச்சா பியூப்பில் எங்க முடியுதுன்னே தெரியாது, போன் ஃப்ளாஷ் அடிச்சா முழிச்சிருக்கற பேஷண்ட் கண்ண இறுக்கி மூடிக்குவாங்க. இது சின்ன வட்டமா விழுது, பக்கத்து கண்ணுக்கு சிதறல. அது ஏன் முக்கியம்னா ஒரு கண்ணுல பட்ட வெளிச்சம் ரெண்டாவது நரம்பு, அதாவது பார்வை நரம்பு வழியா நடுமூளைக்கு போயி, அங்க ரெண்டு பக்க எடிங்கர் வெஸ்ட்ஃபால் நியூக்ளியஸுக்கும் (பியூப்பில சுருக்கச் சொல்ற நரம்பணுக் கூட்டம்) பிரிஞ்சு, மூணாவது நரம்பு வழியா திரும்பி வந்து ரெண்டு பியூப்பிலையும் சேத்து சுருக்கணும், ரெண்டு கண்ணுலயும் வெளிச்சம் பட்டுட்டா எந்தப் பக்கம் பழுதுன்னு எப்படிங்க சொல்றது?

தலையில அடிபட்டு வந்தவங்களுக்கு ஸ்கேல் பெரிய உதவி. பியூப்பில சுருக்கற இழை மூணாவது நரம்போட வெளிப்பக்கமா ஓடுது, மூளை வீங்கி நரம்ப அமுக்குனா மொதல்ல மாட்டுறது அதுதான். வலது 3, இடது 5 மில்லிமீட்டர்னு சார்ட்ல இருந்தா டாக்டர் உடனே சிடி ஸ்கேனுக்கு அனுப்புவாரு, வெறும் "ரியாக்டிங்"னு (வெளிச்சத்துக்கு சுருங்குதுன்னு) எழுதி வச்சா அந்த வித்தியாசமே தெரியாது. சுகர்னால மூணாவது நரம்பு பாதிச்சா பெரும்பாலும் உள்பக்க இழை தான் அடி வாங்கும், இமை தொங்கும், பியூப்பில் ஒழுங்கா சுருங்கும்.

கொறையும் இருக்கு. கிளிப்ப அமுக்கிக்கிட்டே இருந்தா தான் எரியுது, ரெண்டு கண்ணுக்கும் மாத்தி மாத்தி அடிக்கறப்ப விரல் நழுவி அணஞ்சிடுது. ஸ்பிரிட் போட்டு தொடச்சு தொடச்சு ஸ்கேல் பிரிண்ட் அழியுது, மேல டிரான்ஸ்பரண்ட் டேப் ஒட்டிட்டேன். பூச்சிமருந்து குடிச்சவங்க, பான்ஸ்ல (மூளைத்தண்டோட நடுப்பகுதி) ரத்தக்கசிவு ஆனவங்களுக்கு பியூப்பில் குண்டூசி முனை மாதிரி இருக்கும், அதுக்கு இந்த ஸ்கேல் உதவாது, பூதக்கண்ணாடி வச்சு தான் சுருங்குதான்னு பாக்கணும்.

இன்னொண்ணு, டார்ச் நுனியால இமை முடிய தொட்டுட்டு கார்னியல் ரிஃப்ளெக்ஸ் (கருவிழிய தொட்டா கண்ணு தானா மூடுதான்னு பாக்கறது) பாத்தாச்சுன்னு எழுதாதீங்க ப்ளீஸ். அஞ்சாவது நரம்பு உணர்ந்து ஏழாவது நரம்பு கண்ண மூட வைக்கணும்னா சுத்தமான பஞ்ச திரிச்சு கருவிழியவே தொடணும்.

விலைக்கு தாராளமா வாங்கலாம். வெளிச்சம் லேசா மங்குனதுமே பேட்டரி மாத்திடுங்க, மங்கல் டார்ச்ல நல்லா வேலை செய்யற பியூப்பில் கூட ஸ்லக்கிஷா, அதாவது மந்தமா சுருங்கற மாதிரி தான் தெரியும்.